கண்காணி என்னும் சொல்லும் டர்ஹாம் பேராயர் ஒருவரும்

பழைய தமிழ் வேதாகமத்தில் அப்போஸ்தலர் பவுல் பிலிப்பி ஊராருக்கு எழுதிய நிருபத்தின் முதல் வசனத்தைப் பார்த்தால், அந்த ஊர்ச் சபையின் பரிசுத்தவான்கள் அனைவரோடும் 'கண்காணிகளுக்கும், உதவிக்காரருக்கும்' சேர்த்துக் கடிதம் எழுதப்படுவதைக் காணலாம். கண்காணி என்றதும் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் ஆட்களை மேய்த்த கண்காணிதான் நம்மில் பலருக்கு நினைவில் எழுவார். அது அவ்வளவு தவறான நினைவும் அல்ல. மூலத்திலுள்ள கிரேக்கச் சொல் எபிஸ்கோபோஸ். மேற்பார்வை பார்ப்பவர் என்பதே அதன் நேர்ப்பொருள். அந்தச் சொல்தான் வாய்மாறித் தேய்ந்து ஆங்கிலத்தில் பிஷப் ஆயிற்று. தமிழில் அதற்கு அத்தியட்சர், மேற்றிராணியார், ஆயர், பேராயர் என்று காலத்துக்கும் சபைக்கும் ஏற்பப் பல பெயர்கள் வழங்கிவருகின்றன. கத்தோலிக்கர் ஆயர் என்பவரைத் தென்னிந்தியத் திருச்சபையினர் பேராயர் என்பர். கத்தோலிக்கருக்கோ பேராயர் என்பவர் ஆயருக்கும் ஒரு படி மேலானவர். இக்கட்டுரையில் பிஷப் என்ற பொருளிலேயே பேராயர் என்ற சொல்லை ஆள்கிறேன்.

அந்த வசனத்தில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒரே ஊரின் சபைக்குக் 'கண்காணிகள்' என்று பன்மையில் சொல்லப்படுகிறது. இன்றைய வழக்கிலோ பல ஊர்ச் சபைகள் சேர்ந்த ஒரு திருமண்டலத்துக்கே பேராயர் ஒருவர்தான். இரண்டாவதாக, கண்காணிக்கும் உதவிக்காரருக்கும் இடையில் இருந்திருக்க வேண்டிய மூப்பர்களைப் பற்றிப் பேச்சே இல்லை. மூப்பர்கள் எங்கே போனார்கள்? இந்தக் கேள்வியைக் கேம்பிரிட்ஜில் இருந்த பேராசிரியர் ஒருவர் 1868இல் எடுத்துக்கொண்டு நீண்ட ஆய்வுரை ஒன்றை எழுதினார். பேராயர் என்ற பதவி எப்படிப் பிறந்தது என்பதே அதன் மையக் கேள்வி. பதினொரு ஆண்டுகள் கழித்து அவரே பேராயர் ஆனார். அவர் பெயர் ஜோசஃப் பார்பர் லைட்ஃபுட். ஆங்கிலிகன் சபையில் 'அறிஞர் பேராயர்' என்று ஒரு வகையினரைச் சொல்வார்கள். அந்த வகைக்கு அவரைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

முதலில் ஆங்கிலிகன் சபையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். 1534இல் எட்டாம் ஹென்றி காலத்து நாடாளுமன்றம், இங்கிலாந்துத் திருச்சபைக்குத் தலைவர் போப் அல்லர், அரசரே என்று சட்டம் இயற்றியது. ரோமை விட்டுப் பிரிந்தபோதும், டீக்கன் (உதவிக்காரர்), குரு (மூப்பர்), பேராயர் என்ற பழைய மூன்று படிகளை அந்தச் சபை விட்டுவிடவில்லை. ஸ்காட்லாந்தின் பிரஸ்பிட்டேரியன் சபையினர் பேராயர்கள் வேண்டாம், மூப்பர்களின் மன்றமே போதும் என்றனர். ஆங்கிலிகன்கள் பேராயரைக் கைவிடவில்லை. பேராயர்தான் குருக்களுக்கு அபிஷேகம் செய்வார், திடப்படுத்துதல் கொடுப்பார், மண்டலத்தை மேற்பார்வையிடுவார். லைட்ஃபுட் காலத்தில் பிரதமர் பெயரைச் சொல்ல, அரசி நியமிக்க, கதீட்ரல் குருமன்றம் ஒப்புக்குத் தேர்தல் நடத்த, கடைசியில் மற்றப் பேராயர்கள் கைவைத்து அபிஷேகம் செய்வதே நடைமுறை. மூத்த பேராயர்கள் சிலருக்குப் பிரபுக்கள் சபையில் இடமும் உண்டு. ஆகவே ஒருவர் பேராயர் ஆவது என்பது ஆன்மிகப் பொறுப்பு மட்டுமல்லாமல், அரசியலும் நிர்வாகமும் கலந்த உத்தியோகமாகவும் இருந்தது. அப்படிப்பட்ட நாற்காலியில் கிரேக்க இலக்கணத்திலும் ஓலைச்சுவடிக்கு ஒப்பான பழைய தோல் ஏடுகளிலும் மூழ்கிக் கிடந்த ஒருவரை உட்காரவைப்பது சரியா என்ற கேள்வி அன்றும் எழுந்தது.

லைட்ஃபுட் 1828 ஏப்ரல் 13 அன்று லிவர்பூலில் பிறந்தார். பர்மிங்ஹாமில் எட்வர்ட் மன்னர் பள்ளியில் படித்தபோது தலைமை ஆசிரியராக இருந்தவர் ஜேம்ஸ் பிரின்ஸ் லீ. அந்த ஒரே ஆசிரியரிடம் படித்த மூவர் பிற்காலத்தில் பேராயர்கள் ஆனார்கள்: லைட்ஃபுட், அவருக்குப்பின் டர்ஹாமில் அமர்ந்த வெஸ்ட்காட், கேன்டர்பரி தலைமைப் பேராயராகவே உயர்ந்த பென்சன். அந்த வாத்தியாரும் 1847இல் மான்செஸ்டரின் முதல் பேராயராகப் போய்விட்டார். லைட்ஃபுட் அதே ஆண்டு கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்தார். அங்கே அவருக்குத் தனிப்பயிற்சி அளித்தவர் பள்ளியில் அவருக்கு மூத்தவரான வெஸ்ட்காட். 1851இல் செவ்வியல் மொழித் தேர்வில் முதலிடம், பிறகு கல்லூரியின் ஃபெலோ, 1854இல் டீக்கன், 1858இல் குரு, 1861இல் பேராசிரியர் என்று வாழ்க்கை நேர்கோட்டில் சென்றது. திருமணம் செய்துகொள்ளவில்லை.

இந்தத் தேதிகளைவிட அவர் எழுதிய முறை முக்கியமானது. அவரும் வெஸ்ட்காட்டும் ஹார்ட் என்ற மற்றொரு கேம்பிரிட்ஜ் அறிஞரும் புதிய ஏற்பாட்டு நூல்களைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டு உரை எழுதத் திட்டமிட்டார்கள்; பவுலின் நிருபங்கள் லைட்ஃபுட்டின் பங்கு. கலாத்தியருக்கு 1865இல், பிலிப்பியருக்கு 1868இல், கொலோசெயருக்கும் பிலேமோனுக்கும் 1875இல் அவர் உரை வெளிவந்தது. ஒரு சொல்லுக்குப் பொருள் சொல்வதற்கு முன், அக்காலத்துக் கிரேக்கர் அதை எங்கெங்கே எப்படி ஆண்டார்கள் என்று தேடிப்பார்ப்பது அவர் வழக்கம். வேதத்தில் இருக்கிறது என்பதற்காகச் சொல்லுக்குப் புதிய அர்த்தம் முளைத்துவிடாது என்பது அவர் கட்சி. வரலாற்று முறையில் ஆராய்ந்தால் விசுவாசம் கெட்டுப்போகும் என்று ஒருசாராரும், விசுவாசம் இருந்தால் வரலாறு எழுத முடியாது என்று மற்றொரு சாராரும் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. அவர் இருவருக்கும் பதில் சொல்லாமல் வேலையைச் செய்துகாட்டினார்.

இனி அந்த மூப்பர்கள் எங்கே போனார்கள் என்ற கேள்விக்கு வருவோம். பிலிப்பியர் உரையின் பின்னிணைப்பாக வந்த ஆய்வுரையில் லைட்ஃபுட் தந்த விடை எளியது: எங்கும் போகவில்லை; அந்தக் கண்காணிகளே மூப்பர்கள். அப்போஸ்தலர் நடபடிகள் 20ஆம் அதிகாரத்தைத் தமிழிலேயே சோதித்துப் பார்க்கலாம். 17ஆம் வசனத்தில் பவுல் எபேசு சபையின் மூப்பரை வரவழைக்கிறார். 28ஆம் வசனத்தில் அதே ஆட்களைப் பார்த்து, ஆவியானவர் உங்களைக் கண்காணிகளாக வைத்தார் என்கிறார். தீத்துவுக்கு எழுதிய நிருபத்தின் முதல் அதிகாரத்திலும் மூப்பரை ஏற்படுத்துவதைப் பற்றித் தொடங்கிய பேச்சு, இடையில் வேறு ஆள் யாரும் நுழையாமலே, கண்காணி எப்படி இருக்க வேண்டும் என்று தொடர்கிறது. ஒருவரையே வயது மரியாதை தோன்ற மூப்பர் என்றும், செய்கிற வேலையைக் கொண்டு கண்காணி என்றும் அழைத்தார்கள். நம் ஊரில் ஒருவரையே பெரியவர் என்றும் தர்மகர்த்தா என்றும் சொல்வதில்லையா, அதுபோல.

அப்படியானால் தனியொரு பேராயர் எப்போது வந்தார்? அப்போஸ்தலர்கள் தங்கள் அதிகாரத்தை ஊர் ஊராகப் பிரித்துக் கொடுத்ததால் வந்தவர் அல்லர். மூப்பர்களின் குழுவிலிருந்தே ஒருவர் மேலெழுந்து நிரந்தரத் தலைவர் ஆனார் என்பது லைட்ஃபுட்டின் முடிவு. எருசலேமில் யாக்கோபின் நிலை அதற்கு முன்மாதிரி; முதல் நூற்றாண்டின் இறுதியில், யோவானின் செல்வாக்கு இருந்த சின்ன ஆசியாவில் அது உறுதிப்பட்டது; மற்ற இடங்களில் மெதுவாகவே பரவியது. இதோடு நில்லாமல், கிறிஸ்தவ ஊழியத்தில் பலியிடும் பூசாரி வர்க்கம் என்று ஒன்று ஆதியில் இருந்ததில்லை என்றும் அவர் எழுதினார். பேராயர்களை வெறுத்த பிரஸ்பிட்டேரியன்களுக்கு இது கரும்பாக இனித்தது. ஆங்கிலிகன் சபையிலேயே பேராயர் பதவியைப் பெரிதாகப் போற்றியவர்களுக்கு வேப்பங்காயாகக் கசந்தது. இரு தரப்பாருமே கட்டுரையின் பாதியைத்தான் படித்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. பதவி படிப்படியாக வளர்ந்தது என்பதும், அப்போஸ்தலர் காலத்திலேயே, அவர்கள் ஒப்புதலோடு வளர்ந்தது என்பதும் சேர்ந்ததுதான் அவர் வாதம். இதைத் திரும்பத் திரும்ப விளக்க வேண்டியிருந்ததால், 1888இல் உலக ஆங்கிலிகன் பேராயர்களின் லாம்பெத் மாநாடு முடிந்தபின், ஊழியம் பற்றித் தாம் எழுதியவற்றிலிருந்து பகுதிகளைத் தொகுத்து அச்சிட்டே கொடுத்துவிட்டார்.

சின்ன ஆசியாவில் பேராயர்கள் அவ்வளவு சீக்கிரம் இருந்தார்கள் என்பதற்கு என்ன சான்று? அந்தியோக்கியாவின் பேராயர் இக்னேஷியஸ். கத்தோலிக்கர் இஞ்ஞாசியார் என்பர். சுமார் 110இல், மரண தண்டனைக்காகப் பத்துப் படைவீரர் காவலில் ரோமுக்குக் கொண்டுபோகப்பட்ட வழியில் அவர் சபைகளுக்குக் கடிதங்கள் எழுதினார். மக்னேசியா ஊராருக்கு எழுதிய கடிதம் ஒன்றே அக்காலத்தை நம் கண்முன் நிறுத்திவிடும். அவ்வூர்ப் பேராயர் தாமாஸ் வயதில் இளையவர். அவருடைய இளமையைச் சாக்கிட்டு உரிமை எடுத்துக்கொள்ளாதீர்கள், மூப்பர்களே அவருக்கு அடங்கி நடக்கிறார்களே என்று இக்னேஷியஸ் புத்தி சொல்கிறார். பேராயர் ஒருவர், அவருக்குக் கீழ் மூப்பர்கள், பிறகு உதவிக்காரர் என்று மூன்று படிகளும் இங்கே தெளிவாக நிற்கின்றன. பிலிப்பியர் நிருபத்தில் இல்லாத படி இங்கே வந்துவிட்டது.

ஆனால் இந்தக் கடிதங்கள் உண்மையானவையா? இங்கேதான் சுவடிப் பதிப்பில் பழகிய தமிழ் வாசகருக்குச் சுவையான பகுதி தொடங்குகிறது. பாடம், பாடபேதம், இடைச்செருகல் என்று நாம் சொல்வதெல்லாம் அங்கேயும் உண்டு. நெடுங்காலம் ஐரோப்பாவில் புழங்கியது நீண்ட பாடம். அதில் 13 கடிதங்கள். பிற்காலத்து வாசனை அடிக்கும் பகுதிகள் அதில் ஏராளம். 1641இல் கவிஞர் மில்டன் பேராயர் முறையைத் தாக்கி எழுதியபோது, இந்தப் போலிச் சரக்கையா ஆதாரமாகக் காட்டுகிறீர்கள் என்ற பொருள்படக் கேலி செய்தார். அவர் கேலியில் நியாயம் இருந்தது. அடுத்த சில ஆண்டுகளில், 1646இல், இங்கிலாந்து நாடாளுமன்றம் பேராயர் பதவியையே சில காலத்துக்கு ஒழித்தது.

அந்தக் கொந்தளிப்பின் நடுவே அயர்லாந்தின் அர்மா நகரின் தலைமைப் பேராயர் ஜேம்ஸ் அஷர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். உலகம் கி.மு. 4004 அக்டோபரில் படைக்கப்பட்டது என்று கணக்கிட்டதற்காக இன்று சிரிப்புக்கு ஆளாகிறவர் அவர்தான். ஏடுகளை நோட்டமிடுவதில் மட்டும் அவரைப் பார்த்து யாரும் சிரிக்க முடியாது. 13ஆம் நூற்றாண்டின் லிங்கன் பேராயர் ராபர்ட் கிராஸ்டெஸ்டும் அவருக்குப் பின்வந்த ஆங்கில எழுத்தாளர் இருவரும் இக்னேஷியஸை மேற்கோள் காட்டிய இடங்கள், புழக்கத்திலிருந்த நீண்ட பாடத்தோடு ஒத்துவரவில்லை. ஆனால் 4ஆம் நூற்றாண்டுச் சபை வரலாற்றாசிரியர் யூசேபியஸ் போன்ற பழையவர்களின் மேற்கோள்களோடு ஒத்துவந்தன. அப்படியானால் இங்கிலாந்தில் எங்கோ நல்ல பாடமுள்ள லத்தீன் மொழிபெயர்ப்பு ஒன்று கிடக்க வேண்டும் என்று ஊகித்துத் தேடினார். இரண்டு பிரதிகள் கிடைத்தன, ஒன்று கேம்பிரிட்ஜ் கீஸ் கல்லூரியில், மற்றொன்று நாரிச் பேராயரின் நூலகத்தில். 1644இல் அவற்றை அச்சேற்றினார். இரண்டே ஆண்டுகளில், அஷரின் ஊகத்துக்குச் சாட்சி சொல்வதுபோல, ஃபிளாரன்ஸ் நூலகத்து ஏட்டிலிருந்து ஐசக் வாசியஸ் கிரேக்க மூலத்தையே வெளியிட்டார். இதுவே ஏழு கடிதங்கள் அடங்கிய இடைப் பாடம். 1672இல் ஜான் பியர்சன் இதை விரிவாக ஆதரித்து எழுதினார். அடுத்த ஆண்டே அவரும் செஸ்டர் பேராயர். அறிஞர் பேராயர் என்ற மரபு எப்படித் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது என்பதற்கு இந்த ஒரு வழக்கே போதும்.

ஆனாலும் வழக்கு முடியவில்லை. எகிப்தின் நித்ரியா பாலைவன மடத்திலிருந்து பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வந்துசேர்ந்த சிரியாக் மொழி ஏடுகளில் வில்லியம் குயர்ட்டன் மூன்றே கடிதங்களை, அதுவும் சுருங்கிய வடிவில், கண்டுபிடித்து 1845இல் வெளியிட்டார். இதுதான் அசல், மற்றதெல்லாம் பிற்காலச் சேர்க்கை என்றார். அதன்படி பார்த்தால் மக்னேசியா கடிதமும் இளைஞர் தாமாஸும் காணாமல் போய்விடுவார்கள். ஜெர்மனியில் பாவுர் போன்றோர் அதுவும் அசல் அல்ல, எல்லாமே போலி என்றனர். லைட்ஃபுட்டும் தொடக்கத்தில் குயர்ட்டனின் குறும் பாடத்தையே ஏற்றிருந்தார். பிறகு சிரியாக், அர்மீனியன், காப்டிக் மொழிபெயர்ப்புகளை நேரடியாக ஒப்பிட்டுப் பார்க்கப் பார்க்க அவர் கருத்து மாறியது. அர்மீனியன் பிரதி சிரியாக்கிலிருந்து பெயர்க்கப்பட்டது. அதில் ஏழு கடிதங்களும் முழுமையாக உள்ளன. குயர்ட்டன் பாடத்தோடு பொருந்தும் இடங்களில் சொல்லாட்சியும் ஒத்துப்போகிறது. ஆகவே முழுமையான சிரியாக் பாடம் முதலில் இருந்து, பிறகு யாரோ அதைச் சுருக்கியிருக்கிறார்கள் என்றாகிறது. சுருக்கிய இடங்களில் கருத்துத் தொடர்ச்சி அறுந்து தொங்குவதையும் அவர் எடுத்துக்காட்டினார். இக்னேஷியஸின் நண்பர் பாலிகார்ப் அக்கடிதங்களைத் தொகுத்து அனுப்பியதாகத் தாமே எழுதியிருப்பதும், யூசேபியஸ் ஏழு என்று எண்ணிச் சொல்லியிருப்பதும் சேர்ந்து சான்று முழுமையானது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் மனத்தில் கிடந்த இந்த ஆய்வு 1885இல் பெரிய தொகுதிகளாக வெளிவந்தது. ஏழு கடிதங்களும் அசலே என்ற அந்த முடிவைப் பெரும்பாலான அறிஞர்கள் இன்றும் ஏற்கிறார்கள்.

இடையில் ஒரு போர். 1874இல் பெயரில்லாமல் வெளிவந்த ஒரு பெரிய நூல், நற்செய்தி நூல்கள் எவையும் நம்பத்தக்கவை அல்ல என்று வாதிட்டுப் பரபரப்பாக விற்றது. எழுதியவர் பம்பாயில் வியாபாரம் செய்து திரும்பிய வால்டர் காசல்ஸ் என்பது பின்னர்தான் தெரிந்தது. இன்னின்ன பழைய ஆசிரியர் நான்காம் நற்செய்தியை (யோவான்) குறிப்பிட்டதாக யூசேபியஸ் சொல்லவில்லை, ஆகவே அது அப்போது இல்லை என்பது அவர் வாதங்களுள் ஒன்று. லைட்ஃபுட் கேட்டது ஒன்றே: யூசேபியஸ் எதைக் குறித்துவைப்பதாகச் சொல்லியிருக்கிறார்? சர்ச்சைக்குரிய நூல்களுக்கு மேற்கோள் இருந்தால் குறிப்பேன் என்றார். யாருக்கும் சந்தேகமில்லாத நூல்களுக்கு அப்படிக் குறிப்பதாகச் சொல்லவில்லை. எனவே அவரது மௌனம் அந்த நூல் இல்லாமைக்குச் சான்றல்ல. அதை யாரும் சந்தேகிக்கவில்லை என்பதற்கே சான்று. கைவசமிருக்கும் பழைய நூல்களைக் கொண்டு யூசேபியஸ் அப்படித்தான் நடந்துகொண்டார் என்று சோதித்தும் காட்டினார். வரலாறு படிக்கும் எவருக்கும் பயன்படும் பாடம் இது.

1867இல் லிச்ஃபீல்டு பேராயர் பதவி தேடிவந்தபோது லைட்ஃபுட் மறுத்துவிட்டார். 1879இல் வட இங்கிலாந்தின் டர்ஹாம் பேராயர் பதவி வந்தபோது மிகவும் தயங்கியே ஏற்றார். டர்ஹாம் சாதாரண மண்டலம் அன்று. 1836 வரை அதன் பேராயர்கள் சிற்றரசர் போல உலகியல் அதிகாரமும் வைத்திருந்தவர்கள். அவர் போனபோதோ அது நிலக்கரிச் சுரங்கமும் கப்பல் கட்டும் தளமும் பெருகி, மக்கள்தொகை வீங்கிய தொழிற்பகுதி. ஒரே பேராயரால் பார்க்க முடியாத அளவு பெருத்திருந்த மண்டலம் 1882இல் பிரிக்கப்பட்டு நியூகாசில் தனி மண்டலமாயிற்று. தம் இருப்பிடமான ஆக்லண்ட் கோட்டையில், பட்டம் பெற்ற இளைஞர்களைத் தம் செலவில் தங்கவைத்து, குருத்துவப் படிப்பும் அருகிலுள்ள சுரங்க ஊர்களில் களப்பயிற்சியும் கொடுத்தார். அவர்களைத் தம் பிள்ளைகளாகவே நடத்தினார். 1885இன் பெருநூல், இந்த மண்டல வேலைகளுக்கிடையே முடிக்கப்பட்டது என்பதை நினைத்தால், பேராயர் ஆனால் படிப்பு போய்விடும் என்று அஞ்சியவர்கள் பாதியளவே சரியாகச் சொன்னார்கள் என்று படுகிறது. இக்னேஷியஸ் முடிந்தது, பவுலின் மற்ற நிருபங்களுக்கான உரைகளை அவர் முடிக்கவே இல்லை. ரோமருக்கு எழுதிய நிருபத்துக்கு அவரது முழு உரை இல்லாமல் போனது பெரிய இழப்பு. அச்சேறாமல் கிடந்த வேறு சில உரைக் கையெழுத்துப் பிரதிகள் டர்ஹாம் கதீட்ரல் நூலகத்தில் 2013இல் தெரியவந்து, பின்னர் நூல்களாயின.

இதே ஆண்டுகளில் திருநெல்வேலியிலும் அறிஞர் பேராயர் ஒருவர் இருந்தார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் எழுதி 1875இல் திருத்தி விரித்த கால்டுவெல் 1877இல் துணைப் பேராயராக அபிஷேகம் பெற்றார். ஒரு வேறுபாடு உண்டு. கால்டுவெல்லின் புலமை அவர் வாழ்ந்த மக்களின் மொழியைப் பற்றியது. லைட்ஃபுட்டின் புலமை அவர் வகித்த பதவியையே பற்றியது. அந்தக் கேள்வியும் நமக்குத் தொலைவானதல்ல. 1947இல் ஆங்கிலிகன்களும் பேராயர் இல்லாத பிற சபையினரும் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை உருவானதற்கு முன், பல ஆண்டுப் பேச்சுவார்த்தையில் மிகவும் இழுபட்ட சிக்கல், பேராயர் பதவியை எப்படிப் புரிந்துகொள்வது என்பதுதான்.

பத்தாண்டுப் பணி நிறைவுக்கு நன்றியாக லைட்ஃபுட் தம் சொந்தப் பணத்தில் சண்டர்லாந்தின் ஹெண்டன் பகுதியில், தொழிலாளர் குடியிருப்புகளின் நடுவே, ஆலயம் ஒன்று கட்டிக்கொடுத்தார். 1889இல் அதைத் திறந்தபோது அதற்கு இட்ட பெயர், இரத்தசாட்சியான தூய இக்னேஷியஸ். அவ்வாண்டு டிசம்பர் 21 அன்று போர்ன்மத்தில் அவர் இறந்தார். உடல் ஆக்லண்ட் கோட்டைச் சிற்றாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அடுத்த ஆண்டு அதே நாற்காலிக்கு வந்தவர், கேம்பிரிட்ஜில் அவருக்குக் கிரேக்கம் சொல்லிக்கொடுத்த வெஸ்ட்காட்.